மசாஜ் முடிந்த பிறகான அரை மணி நேரம்

தோள்பட்டை இறுகிக் கிடக்கும்போது யாராவது பத்து நிமிடம் பிடித்துவிட்டால் உயிர் வந்ததுபோல இருக்கும். கழுத்து லேசாகத் திரும்பும், மூச்சு தங்குதடையின்றி இறங்கும், இரவு தூக்கமும் நன்றாக வரும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே இறுக்கம், அதே இடத்தில். இன்னும் நன்றாக அழுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றும். அடுத்த முறை முழங்கையை ஊன்றி அமுக்கச் சொல்வோம். அதன் பலனும் இரண்டு நாள்தான்.

கோளாறு பெரும்பாலும் அமுக்கிய விதத்தில் இருப்பதில்லை. எழுந்த பிறகு என்ன செய்தோம் என்பதில்தான் இருக்கிறது. மசாஜ் வலியைக் கொஞ்ச நேரத்துக்குத் தணிக்கும். தணிந்திருக்கும் அந்த நேரத்தில் தசைக்கு வேலை கொடுத்தால் உடல் மாறத் தொடங்கும்; அப்படியே சாய்ந்து படுத்துவிட்டால் பழையபடி இறுகும். வலித்த இடத்துக்கு வேலை கொடுக்க நமக்குத் துணிவு வருமா வராதா என்பதை மனம் தீர்மானிக்கிறது. தொடுதல், அசைவு, மனம் மூன்றையும் தனித்தனி வைத்தியமாகச் சொல்லிக் கேட்டிருப்போம். ஒன்று இன்னொன்றுக்கு வழிவிடுகிறது என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

கைக்கு அடியில் நடப்பது

மசாஜ் பற்றி அதிகம் புழங்கும் விளக்கம், அது தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைக் கரைத்து வெளியேற்றுகிறது என்பது. இது பொருந்தாது. கடுமையாக ஓடும்போது தசையில் கூடும் லாக்டேட்டை இதயமும் கல்லீரலும் மற்றத் தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். பழக்கமில்லாத வேலை செய்தால் வரும் உடல் உளைச்சலோ 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. முதல் நாளே மறைந்துபோன பொருள் மூன்றாம் நாள் வலிக்குக் காரணமாக முடியாது. மாடிப்படி இறங்கும்போது தொடைத்தசை செய்வதுபோல, நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலையில் தசை இழைகளுக்கு நேரும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய எழும் அழற்சியுமே அந்த உளைச்சல்.

‘ஒட்டிப்போன சவ்வைப் பிரித்துவிடுகிறோம்’ என்பது இன்னொரு விளக்கம். தொடையின் வெளிப்பக்கத்திலும் உள்ளங்காலிலும் இருக்கும் இணைப்புத்திசுப் பட்டைகள் மிகக் கடினமானவை. அவற்றின் வடிவத்தைச் சிறிதளவு மாற்றுவதற்கே கையால் தர முடியாத அளவு விசை வேண்டும். அப்படியானால் விரலுக்கு அடியில் ஏதோ இளகியதுபோல உணர்கிறோமே, அது என்ன? நரம்புமண்டலம் அந்தத் தசையைப் பிடித்துவைத்திருந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது.

தளர்த்துவதற்குக் காரணங்கள் பல. காலை எதிலாவது இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம், வலி குறைகிறது. இதற்கு வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொண்டால், தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகள் அந்த வாசலை ஓரளவு அடைத்துவிடுகின்றன; மெல்லிய இழைகளில் வரும் வலிச்செய்தி முழுதாக மேலே போவதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இந்தப் படத்தைப் பல இடங்களில் திருத்தினாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

இதைவிட வியப்பானது மெதுவான வருடலுக்கென்றே தோலில் இருக்கும் நரம்பிழைகள். முடி முளைக்கும் தோலில் இவை நிறைய உண்டு. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் இவை நன்றாகத் துலங்கும். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வேகம் இவற்றுக்கு மிகப் பிடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை 25 சென்டிமீட்டர் என்றால் ஒரு நீவலுக்கு 8 வினாடி ஆக வேண்டும். பெரும்பாலானோர் 2 வினாடியில் முடித்துவிடுகிறார்கள். பிடித்துவிடும்போது செய்யும் தவறுகளில் முதலிடம் அழுத்தம் போதாமைக்கு இல்லை, அவசரத்துக்குத்தான்.

எவ்வளவு காலம் தாங்கும்? நுரை உருளையால் தசையை உருட்டிவிட்டால் மூட்டு முன்பைவிடக் கூடுதலாக வளையும். அந்தக் கூடுதல் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகிறது. வலித்தணிவு அதைவிடச் சற்று நீளும், சில மணி நேரமோ ஓரிரு நாளோ. இதை மசாஜின் பலவீனம் என்று நான் எண்ணவில்லை. கதவு அரை மணி நேரம் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் அதற்குள் நுழைந்துவிடலாம்.

தோள் ஏன் திரும்பத் திரும்ப இறுகுகிறது

பிடரியிலிருந்து தோள்முனைக்கு இறங்கும் தசையை எடுத்துக்கொள்வோம். கணினி முன்னால் உட்காருபவருக்கும் தையல் இயந்திரத்தில் குனிபவருக்கும் குழந்தையை இடுப்பில் தூக்கித் திரிபவருக்கும் வலிப்பது இதுதான். அவர்கள் யாரும் பெரிய சுமை தூக்கவில்லை. அங்கேதான் சிக்கல்.

ஒரு தசை வேலை செய்யத் தொடங்கும்போது எல்லா இழைகளும் ஒன்றாகச் சுருங்குவதில்லை. சிறிய இழைத்தொகுதிகள் முதலில் இறங்கும், சுமை ஏறினால்தான் பெரியவை சேரும். கையை விசைப்பலகைமேல் நீட்டிவைத்திருப்பது மிகச் சிறிய சுமை. பெரிய இழைகளுக்கு அழைப்பே போகாது. அதே சிறிய இழைகள் மணிக்கணக்கில் ஓய்வின்றிச் சுருங்கியிருக்கின்றன. முதலில் எழுந்து கடைசியில் உறங்கப்போகும் இந்த இழைகளுக்குச் சுவீடன் ஆய்வாளர் யோரன் ஹெக் 1991-ல் ‘சிண்ட்ரெல்லா இழைகள்’ என்று பெயர் வைத்தார். முழுக்க நிரூபிக்கப்பட்ட முடிவு என்று இதைச் சொல்ல முடியாது, கருதுகோள்தான். ஆனால் லேசான வேலை ஏன் இவ்வளவு வலிக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தைக் காண்பது அரிது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. அந்த இழைகளுக்குத் தேவை இடையிடையே முழு ஓய்வு: தோளை அடியோடு தொங்கவிடும் சில வினாடிகள், 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை. இரண்டாவது, ஒட்டுமொத்தத் தசையும் பலப்பட்டால் அதே வேலை அதற்கு இன்னும் சிறிய சுமையாகிவிடும்.

விரலில் தட்டுப்படும் ‘முடிச்சு’ என்ன என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மருத்துவர்கள் ஜேனட் டிராவெல்லும் டேவிட் சைமன்ஸும் 1983-ல் வெளியிட்ட கையேடு, தொட்டால் வேறோர் இடத்திலும் வலிக்கும் இத்தகைய புள்ளிகளின் வரைபடத்தையே தந்தது. ஆனால் ஒரே தோளை இரண்டு பேர் தடவிப் பார்த்தால் முடிச்சு எங்கே என்பதில் அடிக்கடி முரண்படுகிறார்கள். அந்த இடம் தொட்டால் வலிக்கிறது என்பதில் ஐயமில்லை. அதை நசுக்கி உடைக்க வேண்டிய பொருளாக நினைப்பதுதான் தவறு.

தன் தோளைத் தானே பிடித்துவிடும் முறை

இடது தோள் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இடது முழங்கையை மேசைமீதோ மடியில் வைத்த தலையணைமீதோ ஊன்றிக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிப் பலன் இதில் இருக்கிறது. கை தொங்கிக்கொண்டிருந்தால் அதன் எடையைத் தாங்குவது நீங்கள் தளர்த்த விரும்பும் அதே தசை. சுமை தூக்கி நிற்பவனை அசையாமல் தூங்கச் சொல்வதுபோல ஆகிவிடும்.

வலது உள்ளங்கையை இடது காதுக்குக் கீழே கழுத்தின் பின்பக்கமாகப் படியவைத்து, தோள்முனை வரை மெதுவாக நீவுங்கள். 15 சென்டிமீட்டர் தூரத்துக்கு 5 வினாடி. இப்படி 8 அல்லது 10 முறை. துணியின் மேலேயே செய்யலாம். தோலில் செய்வதென்றால் சில துளி எண்ணெய் போதும். எண்ணெய் அதிகமானால் கை வழுக்கும், அடுத்து வரும் பிசைதலுக்குப் பிடி கிடைக்காது.

பிறகு நான்கு விரல் நுனிகள் பின்பக்கமும் உள்ளங்கையின் அடிப்பகுதி முன்பக்கமும் வரும்படி தசையைக் கவ்வி, எலும்பைவிட்டு மேலே தூக்குங்கள். கீழ்நோக்கி அமுக்க வேண்டாம். மூன்று வினாடி பிடித்து விட்டுவிட்டு, ஒரு விரற்கடை தள்ளி மறுபடியும். கழுத்திலிருந்து தோள்முனை வரை போய்த் திரும்ப 2 நிமிடம் ஆகும்.

இப்போது மிக வலிக்கும் இடம் எது என்று தெரிந்திருக்கும். அங்கே இரண்டு விரலால் அழுத்துங்கள். பத்துக்கு 5 அல்லது 6 என்று சொல்லக்கூடிய அளவு, அதாவது ‘வலிக்கிறது, ஆனால் இதமாக இருக்கிறது’ என்ற நிலை. அழுத்தத்தைக் கூட்டாமல் 30 முதல் 60 வினாடி அப்படியே வைத்திருந்தால் வலி தானாக 3-க்கு இறங்கும். ஒரு நிமிடமாகியும் இறங்கவில்லையென்றால் அழுத்தம் அதிகம், பாதியாகக் குறையுங்கள். கடைசியாக, விரலை எடுக்காமலேயே முகத்தை வலது பக்கம் மெல்லத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள், 5 முறை. ஒரு பக்கத்துக்கு மொத்தம் 5 நிமிடம்.

எங்கே தவறும்? மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அப்படியென்றால் அழுத்தம் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். பல்லைக் கடித்துத் தாங்கும் அழுத்தத்துக்கு எதிராக உடல் அந்தத் தசையை இன்னும் இறுக்கிக் காத்துக்கொள்ளும், மறுநாள் கன்றிப்போயிருக்கும். ஒரே புள்ளியைப் பத்துப் பதினைந்து நிமிடம் நோண்டுவது இன்னொரு தவறு. பிறருக்குப் பிடித்துவிடுபவர்கள் கட்டைவிரலை நேராக நிறுத்தி அதன் நுனியால் குத்துவார்கள். நாளடைவில் அந்தக் கட்டைவிரல் மூட்டுதான் வலிக்கத் தொடங்கும். உள்ளங்கையின் அடிப்பகுதி, மடித்த விரல்களின் முட்டி, முன்கை இவற்றை வைத்து, கைப்பலத்தால் தள்ளாமல் உடல் எடையைச் சாய்த்துச் செய்தால் ஒரு மணி நேரம் செய்தாலும் சோராது. நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று மசாஜ் அசைவுகளை 19-ஆம் நூற்றாண்டில் வகைப்படுத்தியவராக டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் அறியப்படுகிறார். வீட்டில் முதல் இரண்டும் போதுமானவை.

தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே கை எட்டாது. டென்னிஸ் பந்து ஒன்றை நீளமான காலுறைக்குள் போட்டு, காலுறையின் வாயைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு சுவரில் சாயுங்கள். பந்து கீழே விழாது, உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். அந்தப் பக்கக் கையை மார்புக்குக் குறுக்கே எதிர்த் தோளில் வைத்தால் தோள்பட்டை எலும்பு விலகி இடம் கிடைக்கும். முழங்காலை லேசாக மடக்கி நிமிர்த்தினால் பந்து தானே உருளும். தரையில் படுத்துச் செய்தால் முழு எடையும் இறங்கும், தொடக்கத்தில் அது வேண்டாம். உள்ளங்காலுக்கு அதே பந்தைக் காலடியில் போட்டு உட்கார்ந்தபடி 2 நிமிடம் உருட்டலாம். கெண்டைக்காலைக் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி நீவலாம்.

கைவைக்கக் கூடாத இடங்களும் நேரங்களும் உண்டு. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டில் நாடித்துடிப்பு தெரியும் இடமும் மூளைக்கு ரத்தம் போகும் பாதை. அங்கே அழுத்தவே கூடாது. கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலிருக்கும் குழி, அக்குள், முழங்காலின் பின்குழி, முதுகெலும்பின் மேடு இவையும் அப்படியே. அழுத்தும்போது மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்றால், மரத்தால், நரம்பின்மேல் கை இருக்கிறது, உடனே நகருங்கள். கழுத்தைத் திடீரென்று திருகிச் சொடக்கெடுக்க வேண்டாம். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது அரிது என்றாலும், நேர்ந்தால் பக்கவாதம் வரை போகும். காய்ச்சல், தோல் தொற்று, புதிய சுளுக்கு, எலும்பு முறிவு இருந்தால் மசாஜ் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு காலின் கெண்டைத்தசை வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால், குறிப்பாக நீண்ட பயணத்துக்கோ படுக்கையில் கிடந்ததற்கோ பிறகு, அதைப் பிடிப்பு என்று நினைத்துத் தேய்க்கக் கூடாது. ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

திறந்த கதவுக்குள்

மசாஜ் முடிந்ததும் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். பலரும் உடனே செய்ய நினைப்பது தசையை இழுத்து நீட்டுவது. அதில் தவறில்லை. ஆனால் சில வாரம் இழுத்தால் தசை நீளமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதன்மையாகக் கூடுவது அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் திறன்தான். தசையின் தாங்குதிறனைக் கூட்டுவது சுமை.

டென்மார்க்கில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் 198 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ரப்பர் பட்டையைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் ஒரே ஒரு பயிற்சியை நாளுக்கு 2 நிமிடம் செய்தது, இன்னொரு குழு 12 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம். மூன்றாவது குழு பயிற்சி செய்யவில்லை. செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு குழுவுக்கும் வலி தெளிவாகக் குறைந்தது. நேரமில்லை என்று சொல்ல 2 நிமிடம் இடமே தருவதில்லை.

அதைச் செய்யும் விதம்: பட்டையின் நடுப்பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டு இரு முனைகளையும் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். இரண்டு வினாடியில் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழ்வரை தூக்கி, மூன்று வினாடியில் இறக்குங்கள். கை பக்கவாட்டுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில், கொஞ்சம் முன்தள்ளிப் போகட்டும், தோள் மூட்டுக்கு அது வசதி. பத்துப் பன்னிரண்டு முறைக்குள் களைப்புத் தெரியும்படி பட்டையின் கடினம் இருக்க வேண்டும். அடிக்கடி நேரும் பிழை, தூக்கும்போது தோளும் காதை நோக்கி ஏறிவிடுவது. பட்டை மிகக் கடினம் என்பதற்கு அது அடையாளம். பட்டை இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீர்க்குப்பி இரண்டு போதும். நீர் நிரம்பினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை கிலோ. இரண்டு வாரத்தில் அது லேசாகிவிடும், அப்போது ஒரு லிட்டர்க் குப்பிக்கு மாறுங்கள். எளிதாகிவிட்ட பிறகும் அதே சுமையிலேயே நின்றுவிடுவதுதான் ‘உடற்பயிற்சி செய்தேன், பலனில்லை’ என்பதன் பாதிக் கதை.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்? பயிற்சியின்போது பத்துக்கு 3 அல்லது 4 வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் பயிற்சி தவறல்ல, அளவு தவறு. சுமையைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். தசை சில வாரங்களில் பலப்படும்; தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதங்கள் ஆகும். ஆறாவது வாரத்தில் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஒரேயடியாகச் சுமையை ஏற்றுபவருக்குத்தான் குதிகால் நாணும் முழங்கை நாணும் வலியெடுக்கின்றன.

இடுப்புவலிக்காரர்களுக்கு நேரமும் முக்கியம். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்புகின்றன; காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய தட்டு வளைவைக் குறைவாகவே பொறுக்கும். எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியை அவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது நல்லது. முதலில் நடக்கட்டும். பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது: மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்து, மூன்று வினாடி எடுத்து உட்கார வேண்டும். 8 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பயிற்சியின் பாதி போய்விடும். இறங்குவதைக் கட்டுப்படுத்தும்போதுதான் தொடை அதிகம் கற்கிறது.

மொத்த அளவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டல் இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமானது, கூடவே குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். ஒரே தடவையில் 10 நிமிடமாவது தொடர்ந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை இந்த வழிகாட்டல் விட்டுவிட்டது. மூன்று நிமிடம் மாடிப்படி ஏறியதும் கணக்கில் சேரும். நாளுக்கு 10,000 அடி என்ற எண்ணோ ஆய்வில் பிறக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடுகிறது.

வலிக்குப் பயப்படும் மனம்

இவ்வளவும் தெரிந்தும் செய்யாமலிருப்பது சோம்பலால் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாட்பட்ட வலியுள்ளவர்களிடம் பெரும்பாலும் இருப்பது சோம்பல் அல்ல, பயம். குனிந்தபோது ஒரு முறை இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து குனிவதே ஆபத்தாகிவிட்டது. குனியாததால் தசை மெலிகிறது, மூட்டு விறைக்கிறது, அடுத்த முறை குனியும்போது முன்பைவிட எளிதாக வலிக்கிறது. ‘பார்த்தாயா, குனியக் கூடாது என்று சொன்னேனே’ என்று மனம் தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது.

இந்தப் பயத்துக்கு உரம் போடுபவை சில சொற்கள். ‘எலும்பு தேய்ந்துபோச்சு’, ‘ஜவ்வு விலகிடுச்சு’, ‘டிஸ்க் நகர்ந்திருச்சு’. முதுகெலும்புத் தட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு உறுதியாகப் பிணைந்தது. அது நாணயம்போல நழுவுவதில்லை, புடைக்கலாம், சில சமயம் உள்ளிருப்பது பிதுங்கலாம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. தலைமுடி நரைப்பதுபோல முதுகெலும்பிலும் வயது தெரிகிறது. ஸ்கேன் அறிக்கையில் இந்தச் சொல்லைப் படித்துவிட்டு நடப்பதையே நிறுத்திவிடும் ஒருவருக்கு, தேய்மானம் செய்யாத கேட்டை அந்தக் காகிதம் செய்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ‘எல்லாம் மனசுதான்’ என்று கைகழுவுவது. வலி உடலில் உணரப்படும் உண்மையான அனுபவம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறை, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதைக் குறிப்பிலேயே சேர்த்திருக்கிறது. மூளை ஆபத்தை எடைபோட்டுத்தான் வலியின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதால், தூக்கமின்மையும் கவலையும் அதைக் கூட்டும், பாதுகாப்பு உணர்வு குறைக்கும். மசாஜ் தரும் அரை மணி நேரத்தின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிவது இங்கேதான். வலி தணிந்திருக்கும்போது குனிந்து எழுந்தவர், குனிந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தன் உடலிலேயே பார்த்துவிடுகிறார். ஆயிரம் ஆறுதல் சொன்னாலும் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகாது.

அந்த நேரத்துக்கு மூச்சு உதவும். மூக்கால் 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்று மெதுவாகும், அதனால் வெளிமூச்சை நீட்டுகிறோம். தலை சுற்றினால் மூச்சை வலிந்து ஆழமாக இழுக்கிறீர்கள். வேகத்தைத்தான் குறைக்க வேண்டும், அளவைப் பெருக்கக் கூடாது. தோளை இறுக்கிவைத்திருப்பதே தெரியாதவர்களுக்கு அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் பரப்பிய தசைத்தளர்வு முறை இன்னும் பொருத்தம். தோள்களைக் காதுவரை உயர்த்தி 5 முதல் 7 வினாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 முதல் 30 வினாடி அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். மூன்று முறை. இறுக்கத்தை வேண்டுமென்றே செய்து பார்த்த பிறகுதான், நாள் முழுக்க அதில் பாதியைச் சுமந்துகொண்டிருந்தது பிடிபடும்.

வலி குறைந்த நாளில் வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது நாட்பட்ட வலியின் வழக்கமான சுழல். இதை உடைக்க ஒரு கணக்கு உண்டு. மூன்று நாள், வலி ஏறாமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 12, 18, 15 நிமிடம் என்றால் சராசரி 15. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 12. நல்ல நாளிலும் 12 நிமிடம், மோசமான நாளிலும் 12 நிமிடம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கடினம், அங்கேதான் உறுதி வேண்டும்.

பழக்கமாக ஊன்ற, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு ஒட்டவையுங்கள். ‘பல் துலக்கி முடித்ததும் பட்டையை எடுப்பேன்’ என்று இடமும் நேரமும் சேர்த்துச் சொன்ன தீர்மானம், ‘தினமும் பயிற்சி செய்வேன்’ என்பதைவிட நிலைக்கிறது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்ப வேண்டாம். 2010-ல் லண்டனில் இருந்து வந்த ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை.

பயத்தை விலக்குவது எல்லா அறிகுறியையும் அலட்சியப்படுத்துவது ஆகாது. முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போதல், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவு. காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, எப்படிப் படுத்தாலும் தணியாத இரவு வலி என்றால் மசாஜுக்கு முன் மருத்துவர். இடது தோள் வலி மார்பு அழுத்தத்தோடும் வியர்வையோடும் வந்தால் அது தோள்வலி அல்ல என்று எடுத்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும்.

பலனை அளக்க வலியின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது தூக்கத்தையும் மனநிலையையும் பொறுத்து ஏறி இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து தலையைத் திருப்பும்போது பின்னால் உள்ள சுவரில் எதுவரை தெரிகிறது, 30 வினாடியில் கையூன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது, வலிக்கு முன் எத்தனை நிமிடம் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது: இந்த மூன்றையும் முதல் நாள் குறித்துவையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி. வலி அப்படியே இருக்கும்போதே இவை நகரத் தொடங்கிவிடுவது உண்டு. ஆறு வாரமாகியும் மூன்றில் ஒன்றுகூட அசையவில்லை என்றால் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு ஓர் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு சுமையில், மறுநாள் காலை எப்படி இருந்தது என்பதெல்லாம் எழுதியிருந்தால், அவர் முதல் சந்திப்பிலேயே அளவைத் திருத்தித் தர முடியும்.